டக் அண்ட் ரோல்: பழைய காரின் பெஞ்ச் சீட்டை வரிவரியாகத் தைப்பது எப்படி

1950-களின் கலிபோர்னியா ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) படம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளியே தீ நாக்கு பெயிண்டும் குரோமியப் பளபளப்பும் இருக்கும். ஆனால் கதவு மட்டும் திறந்திருந்தால் கண் நேராக சீட்டுக்குத்தான் போகும். நேராக உழுத சால் போல, ஒரே அகலத்தில், உப்பி உப்பி நிற்கும் வரிகள். இதற்குப் பெயர் டக் அண்ட் ரோல். நம் ஊர் டெய்லர்கள் ரவிக்கையில் ‘டக் பிடிக்கிறது’ என்கிறார்களே, அதே டக்தான். ரெக்சினை மடித்து உள்ளே தைத்தால் டக். இரண்டு டக்குக்கு நடுவில் பஞ்சோ ஃபோமோ அடைந்து உருண்டு நிற்பது ரோல்.

பழைய காரின் உள் அலங்காரத்தில் டைமண்ட், பட்டன் என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன். இந்த வழிகாட்டி டக் அண்ட் ரோலுக்காக. ஒரு பெஞ்ச் சீட்டை, அதாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காரும் ஒரே நீள சீட்டை எடுத்துக்கொண்டு, கழற்றுவதில் தொடங்கி மாட்டுவது வரை போகலாம். அமெரிக்க கார் இருந்தால்தான் ஆகும் என்றில்லை. அம்பாசடரின் முன் பெஞ்ச் சீட்டுக்கும் இதே முறைதான்.

ஊர்க்கதை கொஞ்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் கார் பைத்தியம் பிடித்த இளைஞர்களுக்கு நல்ல குஷன் கடையில் வேலை கொடுக்கக் காசில்லை. சான் டியாகோவைத் தாண்டினால் மெக்சிகோ எல்லை, அந்தப் பக்கம் டிஜுவானா. அங்கே கூலி மலிவு. காலையில் காரை விட்டால் நாலைந்து பேர் சேர்ந்து விறுவிறுவென்று தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சுக்குப் பதில் உள்ளே எதையாவது திணித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கார்க்காரர்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து காவல் காத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பழைய செய்தித்தாள், வைக்கோல் என்று தொடங்கி குதிரைச் சாணம் வரை கதை போகும். எவ்வளவு உண்மை, எவ்வளவு கை கால் வைத்தது என்பது வேறு. டிஜுவானா வேலை என்றாலே ஒரு வாசனை ஒட்டிக்கொண்டது என்பது மட்டும் நிஜம்.

மறுபக்கம், லாஸ் ஏஞ்சலிஸின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் டோனி நான்சி போன்றவர்கள் இருந்தார்கள். குஷன் வேலைதான் தொழில், கூடவே டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டு வேகப் பந்தயம். ‘22 ஜூனியர்’ என்று பெயரிட்டு அவர் ஓட்டிய கார்கள் பந்தயத்திலும் பேர் வாங்கின, சீட் தையலிலும் பேர் வாங்கின. இரண்டு தரத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பஞ்சில் மட்டும் இல்லை. அளவில்தான் பெரும்பாலும் இருந்தது. ஏன் என்று கணக்குப் பகுதியில் புரியும்.

கத்திரியை எடுக்கும் முன்

உங்கள் கார் அரிதான கார், கம்பெனி கொடுத்த சீட் துணி இன்னும் உருப்படியாக இருக்கிறது என்றால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். போன பெயிண்டை மறுபடி அடிக்கலாம். அந்தக் காலத்துத் துணியை எங்கே போய் நெய்வது? ஏற்கெனவே எவரோ ரெக்சின் மாற்றிய சீட், எலி கடித்த சீட், சட்டம் மட்டும் மிஞ்சிய சீட் இவைதான் நமக்கு. எப்படியிருந்தாலும் பழைய உறையைத் தூக்கிப் போடக் கூடாது. மாதிரி வெட்ட அதுதான் வேண்டும்.

அப்புறம் வடிவம். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார். ரோல் ஒன்றரை முதல் இரண்டு இஞ்சு வரை இருந்தால் 50-களின் களை வரும். மூன்று இஞ்சுக்கு மேல் போனால் கல்யாண மண்டப சோபா. ஒரு இஞ்சு அழகுதான், ஆனால் தைத்து மாளாது. திசையைப் பொறுத்தவரை, சீட்டில் முன்னிருந்து பின்னாக, முதுகில் மேலிருந்து கீழாக. சீட்டில் ஓடும் வரி அப்படியே முதுகில் ஏறுவதுபோல இரண்டும் நேருக்கு நேர் சேர வேண்டும். பார்க்கிறவர் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

நிறத்துக்கு ஒரு நல்ல உதாரணம் ஹிரோஹாட்டா மெர்க். 1951 மெர்குரி காரை 1952-இல் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற கார் மாற்றிக் கட்டும் சகோதரர்கள் பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக மாற்றிக் கட்டியது. வெளியே இரண்டு வகைப் பச்சை, உள்ளே பச்சையும் வெள்ளையும். வெள்ளையைத் தவிர உள்ளே புதிதாக ஒரு நிறத்தைக் கொண்டுவரவே இல்லை. அந்தக் கார் 2022 ஜனவரியில் ஏலத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. இதற்கு நேர் எதிர்க் கோடியில் ‘ஜிப்ஸி ரோஸ்’ என்ற 1964 இம்பாலா. தரையோடு தரையாகத் தாழ்த்தி அலங்கரித்த லோரைடர் கார்களின் உலகத்துக்கு மகாராணி. உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட், கூரையில் சரவிளக்கு. அந்தக் காருக்கு அது பொருந்துகிறது. வெள்ளை அம்பாசடரில் சரவிளக்கு தொங்கவிடுவதற்கு முன் இரண்டு நாள் யோசியுங்கள்.

கழற்றுவது

செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். உறை எந்த வரிசையில் வருகிறது, எந்தக் கம்பி எதற்கு மேல் போகிறது என்பது மூன்று வாரம் கழித்து நினைவில் நிற்காது.

சீட்டைக் குப்புறப் போட்டால் ஓரம் முழுக்க சின்னச் சின்ன வளையங்கள் உறையைச் சட்டத்தோடு கவ்விக்கொண்டிருக்கும். ஹாக் ரிங் என்று பெயர். பழையதை நறுக்கி எடுத்துவிடலாம், மறுபடி பயன்படாது. ஆனால் உறையின் ஓரச் சுருக்குக்குள்ளும் நடுப்பள்ளத்திலும் ஓடும் நீளக் கம்பிகளை பத்திரப்படுத்துங்கள். அவை அந்த சீட்டின் வளைவுக்கு என்றே வளைத்தவை.

உறை வந்ததும் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ‘முன்’, ‘பின்’, ‘டிரைவர் பக்கம்’ என்று எழுதுங்கள். எழுதிய பிறகு, தையலைக் கடந்து இரண்டு துண்டையும் தொடும்படி நாலு இஞ்சுக்கு ஒரு குறுக்குக் கோடு. தையல் பிரித்தபின் எந்த இடம் எந்த இடத்தோடு சேர வேண்டும் என்பதற்கு இந்தக் கோடுகள்தான் சாட்சி. அதன் பிறகுதான் தையலைப் பிரிக்க வேண்டும். பல வருஷம் உட்கார்ந்த உறை இழுபட்டு அகன்றிருக்கும். அதை அப்படியே காகிதத்தில் படியெடுத்தால் புது உறையும் தொளதொளவென்று வரும். படியெடுத்த காகிதத்தைச் சட்டத்தின் மேல் வைத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் ஸ்பிரிங்கும்

இந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எல்லோரும் தாண்டி ஓடுவார்கள். ஓடாதீர்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்பு பெயிண்ட் ஒரு கோட். விட்டுப்போன வெல்டிங்கை வைத்துவிடுங்கள். சுருள் ஸ்பிரிங் என்றால் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். டிரைவர் உட்காரும் இடம் எப்போதும் அமுங்கித்தான் இருக்கும்.

ஸ்பிரிங் மேல் நேரடியாக ஃபோம் வைத்தால் கம்பி அதை அறுத்துவிடும். நடுவே இறுக்கமான சணல் சாக்கு ஒன்றை விரித்துக் கட்ட வேண்டும். அந்தக் கால அமெரிக்க சீட்டுகளில் சாக்குக்கு மேல் பருத்திப் பஞ்சு அடுக்கு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ரப்பர் பால் சேர்த்து அழுத்திய தேங்காய் நார். பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல சேதி, நார் மெத்தை நமக்குப் புதிதா என்ன? மற்றவர்கள் சாக்குக்கு மேல் 40 டென்சிட்டி ஃபோம் இரண்டு அல்லது மூன்று இஞ்சு போடுங்கள். முன் விளிம்பை மட்டும் உருண்டையாகச் செதுக்குங்கள், தொடை படும் இடம் அது.

என்ன வாங்க வேண்டும்

ரெக்சின் முதலில். ரெக்சின் என்பதே இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஹைட் என்ற ஊரில் தயாரான ஒரு தோல் மாதிரித் துணியின் வியாபாரப் பெயர். நம் நாக்கில் ஒட்டி, இன்று எந்த வினைல் துணியானாலும் ரெக்சின்தான். அமெரிக்க ஹாட் ராட்காரர்களுக்கு இதே இடத்தில் நாகஹைட். கனெக்டிகட் மாநிலத்து நாகடக் என்ற ஊரில் பிறந்ததால் அந்தப் பெயர். 1960-களில் ‘நாகா’ என்று ஒரு விலங்கு இருப்பதாகவும், அது வலிக்காமல் தோலைக் கழற்றிக் கொடுத்துவிடும் என்றும் விளம்பரம் செய்தார்கள். நம்பியவர்களும் இருந்தார்களாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கம். பின்னல் துணி ஒட்டியதாக, இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுபடுவதாக இருக்க வேண்டும். இழுத்தால் அசையாத முரட்டு ரெக்சின் பைக் சீட்டுக்கு ஆகும், ரோல் உருளாது. பெரும்பாலான சுருள்கள் 54 இஞ்சு அகலம்.

ரோலுக்குள் வைக்க அரை இஞ்சு ஃபோம், பின்னால் மெல்லிய துணி ஒட்டியதாக. துணி இல்லாத ஃபோம்தான் கிடைத்தது என்றால் கீழே காடா துணி வைத்துச் சேர்த்துத் தையுங்கள். இல்லாவிட்டால் நூல் ஃபோமை வெண்ணெயில் கத்தி போல அறுத்துக்கொண்டு போய்விடும்.

நூல் பாலியஸ்டர். நைலான் வலுவானதுதான், ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். கூரை இல்லாத ரோட்ஸ்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஊசி 18-ஆம் நம்பர். மெஷின், வாக்கிங் ஃபுட் வகையாக இருக்க வேண்டும். அதில் மேல் பாதமும் கீழ்ப் பல்லும் ஊசியும் சேர்ந்து நகரும். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் ஃபோம் முன்னால் போகும், மேலே இருக்கும் ரெக்சின் பாதத்தில் ஒட்டி நின்றுவிடும். 20 இஞ்சு ஓட்டுவதற்குள் அரை இஞ்சு தள்ளிப்போயிருக்கும். மெஷின் வாங்க முடியாதவர்கள் கோடு போட்டு, வெட்டி, தையலை மட்டும் ஒரு குஷன் கடையில் கொடுப்பது நல்ல வழி.

பசைக்கு ரப்பர் பசை. மலிவானதை வாங்காதீர்கள். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து மெதுவாகக் கசிந்து மலிவுப் பசையை இளக்கிவிடும். மூடிய கார் வெயிலில் நிற்கும்போது மிச்சமும் விட்டுப்போகும்.

கணக்கு

இங்கேதான் முழு வேலையும் இருக்கிறது. ஊசி பின்னால் வந்து சேர்ந்துகொள்வது.

முதன்முதலில் நான் தைத்தபோது ஃபோமில் இரண்டு இஞ்சுக்கு ஒரு கோடு, ரெக்சினிலும் இரண்டு இஞ்சுக்கு ஒரு கோடு போட்டேன். வந்தது ரோல் இல்லை, காற்றுப் போன பாய். ரெக்சின் ஃபோமை அமுக்கித் தட்டையாக்கிவிட்டது. ரோல் வளைந்து எழும்ப வேண்டுமானால் மேலே இருப்பது கீழே இருப்பதைவிட நீளமாக இருந்தாக வேண்டும். எவ்வளவு நீளம்?

ரோல் ஒன்றின் அடி அகலம் 2 இஞ்சு என்று வைத்துக்கொள்வோம். அரை இஞ்சு ஃபோம் மேல் ரெக்சின் வளைந்து உட்கார ஏறத்தாழ 2¼ இஞ்சு வேண்டும். டக்கில் மடிந்து மறைவது ஒவ்வொரு பக்கமும் ⅛ இஞ்சு, ஆக ¼ இஞ்சு. கூட்டினால் 2½. எனவே ஃபோமில் கோடு 2 இஞ்சுக்கு ஒன்று, ரெக்சினில் 2½ இஞ்சுக்கு ஒன்று. ஒன்றரை இஞ்சு ரோல் என்றால் இதே ஃபோமில் இதே வித்தியாசம் போதாது, ரெக்சினில் 2⅛ வரை போக வேண்டியிருக்கும். ரெக்சினின் தடிமன், ஃபோமின் கடினம் இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முதலில் நாலு ரோல் மாதிரி தைத்துப் பாருங்கள். உப்பல் போதவில்லையா, ⅛ கூட்டுங்கள். சுருக்கம் விழுகிறதா, குறையுங்கள்.

இப்போது முழு சீட். நடுவில் ரோல் வரும் பகுதி 48 இஞ்சு அகலம், 21 இஞ்சு ஆழம், இரண்டு ஓரத்திலும் மூன்று இஞ்சு சாதா ரெக்சின் பட்டை என்று கொள்ளுங்கள். 48-ஐ 2-ஆல் வகுத்தால் 24 ரோல். 24 × 2½ = 60 இஞ்சு ரெக்சின். இரண்டு முனையிலும் தையலுக்கு ஒவ்வொரு இஞ்சு விட்டால் 62.

சுருள் அகலமோ 54 இஞ்சுதான். பலர் இங்கே இரண்டு துண்டை ஒட்டுப் போடுவார்கள். தேவையில்லை. சுருளின் நீளவாக்கில் 62 இஞ்சு வெட்டிக்கொள்ளுங்கள். அந்த 54 இஞ்சு அகலத்தில் சீட்டுக்கு 23, முதுகுக்கு 24 என்று இரண்டு துண்டும் வந்துவிடும். மிச்சம் 7 இஞ்சு பைப்பிங்குக்கு, அதாவது ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் பட்டைக்கு. ஒரே வெட்டு, ஒரே சுருள், நிறத்தில் இம்மி வித்தியாசம் வராது. ஓரப்பட்டை, பக்கங்கள், முதுகின் பின்புறம், கதவுகள் எல்லாம் சேர்த்து ஆறு மீட்டர் வாங்கினால் மூச்சு விட இடம் இருக்கும்.

ரோல் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 24 என்றால் சீட்டின் நடுக்கோட்டில் ஒரு டக் விழும். 23, 25 என்றால் ஒரு ரோல் உட்காரும். எதுவானாலும் சீட்டும் முதுகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கோடு போடுவது

ரெக்சினைக் கவிழ்த்து விரித்து, பின்பக்கத்தில் கோடு. பால்பாயிண்ட் பேனாவைத் தொடவே தொடாதீர்கள். என் இரண்டாவது சீட் வெள்ளை. தைத்து மாட்டி எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு கோடை போனது. ரோலுக்கு ரோல் நடுவே நீலநிற ஆவி போல ஒரு கோடு எழும்பி வந்தது. மை ரெக்சினைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை, உள்ளே இருப்பதை வெளியிலிருந்து எப்படித் துடைப்பது? டெய்லர் சாக்பீஸ், அல்லது வெள்ளிநிற மார்க்கர், அவ்வளவுதான்.

கோடு போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 2½, அதிலிருந்து அடுத்ததற்கு 2½ என்று தாவிக்கொண்டே போனேன். பக்கத்து குஷன் கடைக்காரர், 40 வருஷமாக லாரி சீட்டும் தியேட்டர் நாற்காலியும் தைத்தவர், டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, டேப்பை ஏன் தூக்குறீங்க?”

“அடுத்த கோடு போடணும்ல அண்ணே.”

“டேப்பு அங்கேயே கிடக்கட்டும். ரெண்டரை, அஞ்சு, ஏழரை, பத்துன்னு மொத்தமா குறிச்சுட்டு வாங்க. தூக்கித் தூக்கி வச்சா ஒவ்வொரு தடவையும் நூல் அளவு தப்பும். கடைசில எங்க போய் நிக்கும்னு பாருங்க.”

அளந்து பார்த்தேன். ஒரு கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் தப்பினால் 24 கோட்டில் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு ரோல். என் கடைசிக் கோடு ரெக்சினை விட்டு வெளியே நின்றது. அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேல் ஓரத்தில் இப்படிக் குறித்த பிறகு கீழ் ஓரத்திலும் அதே முனையிலிருந்து குறித்து, நீள இரும்பு ஸ்கேலால் இணையுங்கள். ஃபோமிலும் இதேபோல மேல்பக்கத்தில் 2, 4, 6 என்று.

தையல்

ரெக்சினில் போட்ட ஊசித் துளை போட்டதுதான், துணி மாதிரி மூடிக்கொள்ளாது. அதனால் குண்டூசி குத்த வேண்டாம், கிளிப் போதும். பிரித்துத் தைக்கலாம் என்ற தைரியமும் வேண்டாம்.

தையல் நீளம் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் வலு என்று நினைப்பது இயல்பு, ரெக்சினில் அது தலைகீழ். தபால் தலை ஓரம் போலத் துளை வரிசையாகி, பலமாக உட்கார்ந்த அன்று கிழியும்.

ஃபோமை கோடு தெரியும்படி மேஜையில் விரியுங்கள். ரெக்சினின் இடது ஓரத்தை ஃபோமின் இடது ஓரத்தோடு சேர்த்து ஒரு தையல். இப்போது ரெக்சின் முகம் மேலே தெரியும்படி முதல் ரோலை மூடிக் கிடக்கிறது. அதன் முதல் கோட்டில் மடித்து, மிச்ச ரெக்சின் முழுவதையும் இடது பக்கம் திருப்பிப் போடுங்கள். முகமும் முகமும் உள்ளே சேர, பின்பக்கமும் கோடும் மேலே தெரியும். மடிப்பு விளிம்பு ஃபோமின் முதல் கோட்டில் சரியாக உட்கார வேண்டும். விளிம்பிலிருந்து ⅛ இஞ்சு உள்ளே, இரண்டு மடிப்பும் ஃபோமும் சேர்த்து ஒரே ஓட்டமாகத் தையல். முடிந்ததும் ரெக்சினை வலது பக்கம் புரட்டினால் தையல் மறைந்து, முதல் ரோல் எழும்பி நிற்கும். அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பாடு.

அடுத்த கோட்டில் மடிப்பு, இடது பக்கம் திருப்பல், தையல், புரட்டல். இப்படி 24. தைத்து முடிந்த பாகமும் திருப்பிப் போட்ட ரெக்சினும் எப்போதும் மெஷினுக்கு இடது பக்கம் வெளியே கிடக்கும். மெஷின் கைக்கு அடியில் சுருட்டிப் போவது வெறும் ஃபோம்தான், அது அமுங்கிக்கொடுக்கும். மாற்றிப் போட்டால் பாதி சீட்டுக்கு மேல் உள்ளே நுழையாது.

ஐந்து ரோலுக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். ஐந்து ரோல் 10 இஞ்சு இருக்க வேண்டும். 9¾ இருந்தால் அடுத்த ஐந்தில் விளிம்பை ஒரு மயிரிழை வலமாக வைத்துச் சரிக்கட்டலாம். 24-உம் முடிந்தபின் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் காலத்து அசல் முறை வேறு. ரெக்சினைக் காடா துணியோடு சேர்த்து வரிவரியாகக் குழாய் போலத் தைத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து நீளக் குச்சியால் பஞ்சைத் தள்ளித் தள்ளி அடைப்பார்கள். அந்த உப்பலும் அந்தக் கனமும் ஃபோமில் வராது, உண்மைதான். ஆனால் சீராக அடைக்காவிட்டால் மலைப்பாம்பு ஆட்டை விழுங்கியதுபோல அங்கங்கே முட்டி நிற்கும். முதல் சீட்டுக்கு வேண்டாம்.

இரண்டு நிறம் மாறி மாறி வர வேண்டும் என்றால் மடிப்பு இல்லை. 2½ இஞ்சுப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு டக்கிலும் இரண்டு பட்டையின் ஓரத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தையலுக்கு ⅛ போதாது, பிய்ந்துவிடும். கால் இஞ்சாவது விட்டு அதற்கேற்ப பட்டையை அகலமாக்குங்கள்.

ஓரமும் பைப்பிங்கும்

ரோல் பாகம் முடிந்ததும் நாலு பக்கமும் கால் இஞ்சு உள்ளே ஒரு தையல் ஓட்டி ரோல் முனைகளை அமுக்குங்கள். டக் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து படிந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் படுத்தால் அந்த முனை கோணும். தையலுக்கு வெளியே இருக்கும் ஃபோமைக் கத்திரித்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓரம் தடித்துப் போய் பைப்பிங் நேராக நிற்காது.

பைப்பிங்குக்கு ஒன்றரை இஞ்சுப் பட்டை, உள்ளே 4 மில்லிமீட்டர் கயிறு. அதை ரோல் பாகத்தின் ஓரத்தில் வைத்துத் தைத்த பிறகு, மேலே ஓரப்பட்டையை வைத்து மறுபடி தைக்க வேண்டும். இரண்டாவது தையல் முதல் தையலைவிடக் கயிற்றுக்கு நெருக்கமாகப் போனால்தான் முதல் நூல் வெளியே எட்டிப் பார்க்காது. மூலைகளில் பைப்பிங் பட்டையின் தையல் ஓரத்தை நாலைந்து இடத்தில் நறுக்கிவிட்டால் வளைந்து கொடுக்கும். வெள்ளை ரோலுக்குச் சிவப்பு பைப்பிங் என்பது பழைய சூத்திரம், அலுக்கவே அலுக்காது.

மாட்டுவது

வெயிலில் செய்யுங்கள். சும்மா சொல்லவில்லை, உறையை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் ரெக்சின் இளகி, தானாக இழுபடும். ஃபோமின் மேல் மெல்லிய பாலிதீன் தாளைப் போட்டு உறையை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தாளைக் கிழித்து உருவிவிடலாம்.

முதலில் நடு. உறையின் நடுக்கோடு சட்டத்தின் நடுக்கோட்டில் வந்ததும் முன்னால் ஒரு ஹாக் ரிங், பின்னால் ஒன்று. அங்கிருந்து இரண்டு பக்கமும் சமமாக, இரண்டு மூன்று இஞ்சுக்கு ஒன்றாகப் போய், மூலைகள் கடைசி. ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் வரிகள் எல்லாம் காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி ஆகிவிடும். உறையின் ஓரச் சுருக்கில் பழைய கம்பியை மறக்காமல் நுழைத்திருக்க வேண்டும். ரிங் அந்தக் கம்பியைக் கவ்வ வேண்டும், வெறும் ரெக்சினைக் கவ்வினால் ஒரு மாதத்தில் பிய்த்துக்கொள்ளும்.

சின்னச் சுருக்கங்களுக்கு ஹீட் கன் காட்டலாம், ஒரு முழம் தள்ளி, ஓரிடத்தில் நிற்காமல். பளபளப்பு மாறுகிறது என்றால் ஏற்கெனவே நேரமாகிவிட்டது. பொறுமை இருந்தால் காரை இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள், பாதிச் சுருக்கம் தானே போய்விடும்.

கதவும் மற்றவையும்

கதவுப் பலகை பழைய ஹார்ட்போர்டு என்றால் மழைநீரில் உப்பியிருக்கும். புதிதாக வெட்டும்போது தண்ணீர் தாங்கும் பலகையாக எடுத்து, கதவுக்கும் பலகைக்கும் நடுவே பாலிதீன் தாள் ஒட்டுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது சகஜம், அந்தத் தாள்தான் தடுப்பு. கதவில் ரோலுக்குக் கால் இஞ்சு ஃபோம் போதும். முழுக்க ரோல் அடிக்காமல் கீழ்ப்பாதிக்கோ நடுப்பட்டைக்கோ மட்டும் விட்டால் சீட் எடுபடும்.

டைமண்ட், பட்டன் வேலை குதிரை வண்டிக் காலத்திலிருந்து வருவது. தொடக்கக் கால கார்களில் தோல் சீட்டில் பட்டன் அழுத்தித்தான் பஞ்சை நிறுத்தினார்கள். அதிலும் கணக்கு இதேதான், ஆனால் நீளம் அகலம் இரண்டு பக்கமும் ரெக்சினைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு மடிப்பையும் கையால் படிய வைக்க வேண்டும். ரோல் கைவந்த பிறகு போங்கள். 1920-களுக்கு முந்தைய காருக்கு அது பொருந்தும், 50-களின் காருக்கு ரோல்தான்.

மாட்டிய பிறகு

வெள்ளை ரெக்சினுக்கு முதல் எதிரி புது ஜீன்ஸ். சாயம் ஏறினால் அன்றைக்கே மிதமான சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும், ஒரு வாரம் விட்டால் ஊறிப்போகும். டக்கில் சேரும் தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், மணல் கிடந்தால் நூலை அறுக்கும். பெட்ரோலும் தின்னரும் கிட்டவே வரக் கூடாது.

மிச்ச ரெக்சினில் அரை மீட்டரை மடிக்காமல், ஒரு அட்டைக் குழாயில் சுருட்டி, தைத்த நூலில் கொஞ்சம் சேர்த்து எடுத்து வையுங்கள். குழாயின் மேல் ஃபோம் அளவு, ரெக்சின் அளவு, ரோல் எண்ணிக்கை மூன்றையும் எழுதிவிடுங்கள். டிரைவர் பக்கத்து ஓரப்பட்டைதான் முதலில் தேயும், ஏறி இறங்கும்போது எல்லோரும் அதன் மேல்தான் உரசுகிறோம்.